மல்பார்: மலபார் கரையின் பெயர் தமிழருக்கு வந்த கதை

ரீயூனியன் தீவில் தமிழ் வேர் கொண்டவர்களுக்கு 'மல்பார்' என்று பெயர். ஆண் என்றால் மல்பார், பெண் என்றால் மல்பரேஸ். மல்பார் கோயில், மல்பார் கல்யாணம், மல்பார் பண்டிகை என்று அந்தச் சொல் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும். அரசியல்வாதி மேடையில் சொல்வார், காய்கறி விற்கும் அம்மா சந்தையில் சொல்வார், மல்பார்கள் தங்களையே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும். மலபார் கேரளத்தில் அல்லவா இருக்கிறது? கோழிக்கோடு, கண்ணூர், தலச்சேரி. இந்தத் தீவுக்கு வந்தவர்களில் மிகப் பலர் காரைக்கால், தஞ்சாவூர், தென்னாற்காடு பக்கத்து ஆட்கள். கும்பிடுவது மாரியம்மனையும் மதுரை வீரனையும். அப்புறம் எப்படி மலபார்? "பாவம், தாங்கள் யார் என்பதே இவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சிலர் ஒரு படி மேலே போய், கோயில் வாசலிலேயே நின்று "நீங்கள் மலபார் இல்லை, தமிழர்" என்று பாடம் எடுப்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தச் சொல் வந்த வழி பாடம் எடுப்பவருக்கே பெரும்பாலும் தெரிந்திருக்காது. தெரிந்தால் எடுக்க மாட்டார்.

தீவைப் பற்றி முதலில் நாலு வரி. மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரிஷியசுக்குப் பக்கத்தில், 2,512 சதுர கிலோமீட்டரில் ஓர் எரிமலைத் தீவு. பழைய பெயர் பூர்போன். 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். புழங்குவது யூரோ, பள்ளிக்கூடம் பிரெஞ்சு, வீட்டிலும் தெருவிலும் பேச்சு கிரெயோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழி. மல்பார்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அரசாங்கத்திடம் பதில் கிடையாது. பிரான்சில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனத்தையோ மதத்தையோ கேட்பதில்லை. தீவில் நாலில் ஒருவர் என்று வழக்கமாகச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

'மலபார்' என்பதன் முன்பாதி நம்முடைய 'மலை'. அதில் பெரிய சண்டை கிடையாது. கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய காஸ்மாஸ் என்ற பயணி, மிளகு விளையும் இடத்தை 'மாலே' என்று குறித்து வைத்திருக்கிறார். அப்போது பின்பாதி இன்னும் ஒட்டவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் அல்பிரூனியின் காலத்தில் 'மலிபார்' வந்துவிடுகிறது. அந்த 'பார்' எங்கிருந்து வந்தது என்பதில்தான் இரண்டு கட்சி. பாரசீக, அரபு மாலுமிகள் கரைக்கும் நாட்டுக்கும் சொல்லும் 'பார்' அது என்பது ஒரு கட்சி. ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் சான்சிபாரின் வாலிலும் இதே 'பார்'தான் என்று உதாரணம் காட்டுவார்கள். மலைச்சரிவைக் குறிக்கும் 'வாரம்' என்ற நம் சொல்லே அப்படித் திரிந்தது என்பது இன்னொரு கட்சி. எனக்கு முதல் கட்சிதான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் அந்தப் பெயரை முதலில் புழங்கியவர்கள் கடலில் வந்த வெளியாட்கள்; உள்ளூர்க்காரர்கள் தங்கள் நாட்டை அப்படிச் சொல்லவில்லை. சேரநாடு, மலைநாடு, மலையாளம் என்றுதான் சொன்னார்கள்.

ஆக, மலபார் என்பது தொடக்கத்திலேயே கடலில் இருந்து பார்த்தவர் வைத்த பெயர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து இறங்குகிறார். போர்த்துக்கீசியர்கள் இந்தியாவில் முதலில் கேட்ட பேச்சு அந்தக் கரையின் பேச்சு. அதை 'மலபார் மொழி' என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு குமரி முனையைச் சுற்றிக் கிழக்கே வந்து முத்துக்குளித்துறைப் பரதவர்களிடம் பேசிப் பார்த்தபோது, காதில் விழுந்தது ஏறக்குறைய அதே மாதிரி இருந்தது. தமிழும் மலையாளமும் இன்று நமக்கே எவ்வளவு நெருக்கம்! 500 வருடத்துக்கு முன், லிஸ்பனில் இருந்து வந்த காதுக்கு அந்த வேறுபாடு எங்கே பிடிபடப் போகிறது? அதே பெயரை இங்கேயும் ஒட்டிவிட்டார்கள்.

இதற்கு அச்சில் சாட்சி இருக்கிறது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறிய கிறித்தவ நூல்தான் இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம் என்பார்கள். அதை ஆக்கியவர் அன்றிக்கே அடிகள் என்று நாம் சொல்லும் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ். அதன் முகப்பில் போர்த்துக்கீசிய மொழியில் இது எந்த மொழி நூல் என்று போட்டிருக்கிறது: 'மலவார் தமுல்'. இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தமிழ் என்ற பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஐரோப்பாவில் படிக்கிறவருக்குப் புரிய வேண்டும் என்றால் மலவார் என்றும் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் 200 வருடத்துக்கு மேல், ஐரோப்பியர் எழுத்தில் தமிழுக்கு மலபார் என்பது சர்வ சாதாரணமான பெயர். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு, தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதியபோது அவற்றை 'மலபார் தெய்வங்கள்' என்றார். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் 1707-இல் தொகுக்கச் செய்த தேசவழமைச் சட்டத்தை 'யாழ்ப்பாணத்து மலபாரிகளின் சட்டமும் வழக்கமும்' என்றுதான் பிறகு குறிப்பிட்டார்கள். கத்தோலிக்கச் சபைக்குள் 'மலபார் சடங்குகள்' என்ற பெயரில் பெரிய தகராறு ஒன்று நடந்தது. தாலியில் என்ன உருவம் இருக்கலாம், சாதி வழக்கங்களை எவ்வளவு தூரம் விட்டுவைக்கலாம் என்பதெல்லாம் அதில் விவகாரம். அது கேரளத்துத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். மதுரை, கருநாடக மிஷன்களில் இயேசு சபையார் விட்டுக்கொடுத்ததைப் பற்றியது. போப்பின் தூதர் அதற்கு எதிரான ஆணையை வெளியிட்ட இடம் புதுச்சேரி, வருடம் 1704. வழக்கு 1744-இல்தான் ரோமில் முடிவுக்கு வந்தது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த சாட்சி ஓர் அகராதி. ஃபாப்ரிசியஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் 1779-இல் சென்னை வேப்பேரியில் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். அதன் பெயர் 'மலபார்–ஆங்கில அகராதி'. அடியில் நீளமான விளக்கமும் உண்டு: ஐரோப்பியர்கள் பொதுவாக மலபார் மொழி என்று சொல்லும் தமிழ் மொழிச் சொற்களுக்கு இதில் பொருள் சொல்லப்பட்டிருக்கிறது என்கிறது அது. சொல்லுகிறவருக்கு இது இரவல் பெயர் என்று தெரிகிறது. ஆனாலும் விற்கிற புத்தகத்துக்கு அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. சென்னையிலேயே இதுதான் நிலை என்றால், இந்துமாக்கடல் தீவில் இருந்தவர்களைக் குறை சொல்வானேன்?

தீவுகளுக்கு இந்தச் சொல்லைக் கப்பலேற்றியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1674-இல் புதுச்சேரியில் கால் ஊன்றினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் பூர்போன் தீவையும், அன்று 'பிரான்சுத் தீவு' எனப்பட்ட மொரிஷியசையும் தொட்டுத்தான் புதுச்சேரிக்குப் போய் வரும். 1735 முதல் இந்த இரண்டு தீவுகளுக்கும் ஆளுநராக இருந்த லபூர்தொனே, போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். அவர்கள் குடியிருந்த பகுதிக்கு 'மலபார் முகாம்' என்று பெயர் வந்தது. அதே காலத்தில், விலைக்கு வாங்கப்பட்டு அடிமைகளாக வந்த இந்தியர்களும் உண்டு. பூர்போன் தோட்டங்களின் அடிமைப் பட்டியல்களில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'மல்காஷ்' (மடகாஸ்கர்க்காரர்), 'காஃப்ர்' (ஆப்பிரிக்கர்), 'கிரெயோல்' (தீவிலேயே பிறந்தவர்), 'மலபார்' என்று ஒரு வகை போட்டிருக்கும். ஆக, ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு நூறு வருடம் முன்பே அந்தச் சொல் தீவில் குடியேறிவிட்டது.

1848 டிசம்பர் 20-இல் ரீயூனியனில் அடிமை முறை ஒழிந்தது. 60,000-க்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். கரும்புத் தோட்ட முதலாளிகள் உடனே இந்தியாவைப் பார்த்துத் திரும்பினார்கள். 1828-லேயே ஏனாமிலிருந்து ஒரு சிறு குழுவைக் கொண்டுவந்து பார்த்தவர்கள்தான் அவர்கள். இப்போது கப்பல் கப்பலாக ஆள் சேர்ப்பு நடந்தது. பிரெஞ்சுத் துறைமுகங்களான புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் போதவில்லை. 1860-இல் பிரிட்டனோடு ஓர் உடன்படிக்கை போட்டுச் சென்னையிலும் கல்கத்தாவிலும் ஆள் எடுக்க அனுமதி வாங்கினார்கள். தோட்டங்களில் ஆட்களை நடத்திய விதம் மோசமாக இருக்கிறது என்ற புகார்கள் குவிந்து, 1882-இல் பிரிட்டன் அந்தக் கதவைச் சாத்தியது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். வந்தவர்கள் கப்பலை விட்டதும் லா கிரான்ட் ஷலூப் என்ற இடத்தில் நோய்த் தடுப்புக் கொட்டடியில் அடைக்கப்பட்டார்கள். அந்தக் கட்டடத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

வந்தவர்கள் தங்களைத் தமிழர் என்று சொல்லிக்கொண்டார்களா? ஊரையும் சாதியையும் சொல்லியிருப்பார்கள். ஏனாம் பக்கத்திலிருந்து வந்தவர் தெலுங்கர். கல்கத்தாக் கப்பலில் வந்தவருக்குத் தமிழே தெரியாது. தோட்டத்தில் இந்த வேறுபாடெல்லாம் யாருக்கு வேண்டும்? நூறு வருடமாகக் கையில் இருந்த ஒரு பெயர் எல்லார் தலையிலும் வைக்கப்பட்டது. இரண்டு மூன்று தலைமுறையில் தெலுங்கரும் வடக்கத்தியாரும் அதற்குள் கரைந்துபோனார்கள். ஆகவே மல்பார் என்றால் தமிழர் என்று நேராக மொழிபெயர்ப்பது முழுச் சரி இல்லை. தமிழ்ப் பெரும்பான்மையோடு சேர்ந்து உருவான ஒரு தீவுச் சமூகத்தின் பெயர் அது. 1889-இல் வந்த பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டத்தின் வழியாக, இங்கே பிறந்த பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்களும் ஆனார்கள்.

இதற்கிடையில் இந்தியாவில் என்ன நடந்தது? 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர்கள் மலபார் என்பதை மெல்லக் கைவிட்டார்கள். கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியபோது தமிழுக்குத் தமிழ் என்ற பெயரே நிலைத்துவிட்டது. மலபார் என்பது மேற்குக் கரை மாவட்டத்தின் பெயராகச் சுருங்கிவிட்டது. பெருநிலத்தில் பேச்சு மாறியது, தீவில் மாறவில்லை. பூட்டிக் கிடந்த பாட்டி வீட்டில் பழைய பாத்திரங்கள் அப்படியே இருப்பது மாதிரி, 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் சொல் ரீயூனியனில் அப்படியே இருந்துவிட்டது.

அப்படியே என்று சொன்னாலும், ஒலி மாறியிருக்கிறது. மலபாரின் நடு 'அ' தேய்ந்து மல்பார் ஆனது. இங்கே வந்த எல்லாத் தமிழ்ச் சொல்லுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறது. அதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டால் தீவைப் படிப்பது சுலபம். சேன்ட் ஆந்த்ரே ஊரில் தெருவோடு நடந்து, வீட்டு வாசல் தபால்பெட்டிகளில் இருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள். 'அன்' என்று முடியும் நம் பெயர்கள் பிரெஞ்சு மூக்கொலியோடு 'ஏன்' போல முடியும்: வீரப்பன் 'விராப்பேன்', ராமன் 'ராமேன்', கருப்பன் 'கருப்பேன்'. 'அம்' என்பது 'ஓன்' ஆகும்: ரசம் 'ரசோன்'. ட, ள போன்ற நாவை மடக்கிச் சொல்லும் ஒலிகள் வரும் இடத்தில் ஒரு 'ர்' நுழைந்துவிடும். காளி 'கார்லி' ஆனது அப்படி. நாடகம் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே கணக்குப் போடலாம்: 'நார்ல்கோன்'. ஆமாம், இங்கே விடிய விடிய நடக்கும் மல்பார் கூத்துக்கு அதுதான் பெயர். அதை நடத்தும் வாத்தியாருக்கு 'வார்த்தியால்'.

அப்படி ஒரு வார்த்தியாலின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். கட்டம் போட்ட பள்ளி நோட்டு, நீல மை. பாட்டெல்லாம் தமிழ், எழுத்தெல்லாம் பிரெஞ்சு. சொற்களை எங்கே பிரிப்பது என்று தெரியாததால், மூச்சு விடும் இடத்தில் பிரித்திருந்தார்கள். கண்ணால் படித்தால் ஒன்றும் புரியவில்லை. வாய்விட்டு மெல்லப் படித்தபோது அர்ச்சுனனும் பாஞ்சாலியும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நோட்டுக்காரருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் எந்த இடத்தில் குரலை இழுக்க வேண்டும், எந்த இடத்தில் தாளம் தப்பக் கூடாது என்பது அட்சரம் பிசகாமல் தெரியும். அந்த மொழிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் தமிழ்கூட இல்லை, 'லாங்காஜ்'. வெறுமனே 'மொழி' என்று பொருள்.

சமையலறையில் நிலைமை இன்னும் நெருக்கம். கறிவேப்பிலை 'கலுபிலே', கொத்தமல்லி 'கொத்தொமிலி', முறுக்கு 'மூல்கு'. முருங்கைக் கீரையை மல்பார் மட்டுமல்ல, தீவு முழுக்கவே 'மூரூங்' என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள்.

இனி, 'மல்பார்' என்று சொன்னால் என்னென்ன ஞாபகம் வரும் என்பதைப் பார்ப்போம். முதலில் தெய்வங்கள். தோட்டத்து ஓரத்தில், கரும்பு ஆலைக்குப் பக்கத்தில், வந்தவர்கள் எழுப்பிய சிறு கோயில்கள். அங்கே மாரியம்மன் உண்டு, மதுரை வீரன் உண்டு ('மர்தேவிரேன்' என்பார்கள்), முனீஸ்வரன் உண்டு. தீமிதி உண்டு, அது பாஞ்சாலிக்கு, இங்கத்திய வாயில் 'பாந்தியாலே'க்கு. கார்லிக்குக் கிடாவும் சேவலும் வெட்டிப் பூசை போட்டு, அந்தக் கறியை மசாலை அரைத்துக் குழம்பு வைத்துத் தலைவாழை இலையில் ஊருக்கே போடுவார்கள். பெரும்பாலான குடும்பங்கள் அதே நேரத்தில் பிள்ளைக்கு மாதா கோயிலில் ஞானஸ்நானமும் கொடுத்தன. பதிவேட்டில் ஒரு புனிதரின் பெயர், வீட்டில் ஒரு மல்பார் பெயர். இரண்டையும் ஒரே வாழ்க்கையில் வைத்துக்கொள்வதில் அவர்களுக்கு இடைஞ்சல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

1970-களுக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. விமானத்தில் தமிழ்நாட்டுக்குப் போய்வர வசதி வந்தது. குருக்கள் வந்தார்கள், சிற்பிகள் வந்தார்கள், வண்ண வண்ணமாகக் கோபுரங்கள் எழுந்தன. சேன்ட் ஆந்த்ரேயில் இருக்கும் கொலோஸ் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மயிலாடுதுறைப் பக்கம் இருந்தாலும் யாரும் திரும்பிப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார்கள். கூடவே 'தமூல்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் மதிப்பு பெற்றது. வேதனை என்னவென்றால், சில வாய்களில் இந்த இரண்டு சொற்களும் மேல் கீழ் ஆயின. உயிர்ப்பலி இல்லாமல், சைவமாக, ஆகமப்படி கும்பிடுகிறவர் 'தமூல்'. கிடா வெட்டுகிறவர் 'மல்பார்' என்று ஒரு பிரிவு. ஒரே குடும்பத்தில் அண்ணன் தமூல், தம்பி மல்பார் என்று இருப்பதும் உண்டு. மொழியின் பெயரான 'தமூல்' இங்கே மதத்தின் பெயராகவே மாறிவிட்டது. 'தமூல் மதம்' என்று சாதாரணமாகச் சொல்வார்கள். கிடா வெட்டும் சாமிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் எத்தனை என்று அறிந்தவர்கள், இந்தப் பிரிவினையைக் கேட்டுச் சிரிக்கத்தான் வேண்டும். மதுரை வீரனை விடத் தமிழான சாமி யார்?

புதிதாக வருகிறவர் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ரீயூனியனில் மல்பார் என்பது பொதுவாக வசவு இல்லை. எரிச்சலோடு சொன்னால் எந்தப் பெயரும் வசவு ஆகும், அது வேறு. சாதாரணமாகச் சொன்னால் அது அடையாளம், பலருக்குப் பெருமையும்கூட. ஆனால் 200 கிலோமீட்டர் தள்ளி மொரிஷியசில் இறங்கி இதே சொல்லைச் சொன்னால் கதை வேறு. அங்கே 1834 முதல் பிரிட்டிஷார் கொண்டுவந்த ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பீகார் பக்கத்துப் போஜ்பூரிக்காரர்கள். இந்தியர் என்றால் மலபார் என்ற பழைய பழக்கத்தில், அந்தப் பெயர் பெரும்பான்மையான அவர்கள் மேல் போய் விழுந்தது. சென்னைத் துறைமுகத்தில் ஏறிய நம் ஆட்களுக்கு 'மத்ராஸ்' என்ற பெயர் வந்தது. ஆக மொரிஷியசில் மல்பார் என்றால் வட இந்திய வழி வந்த இந்து. அதுவும் இழிவாகச் சொல்வது; நாகரிகமானவர்கள் வாயில் எடுக்க மாட்டார்கள். தமிழர்கள் அங்கே தமிழர்கள்தான். அந்த நாட்டுக் கணக்கெடுப்பில் மதம் என்ற இடத்தில் இந்துவுக்குப் பக்கத்தில் தனியாகத் 'தமிழ்' என்று ஒரு வகையே உண்டு. ஒரே கரையில் பிறந்த சொல், ஒரே கம்பெனிக் கப்பலில் வந்த சொல். ஒரு தீவில் தமிழனைக் குறிக்கிறது, அடுத்த தீவில் தமிழன் அல்லாதவனை.

மல்பார் மட்டும்தான் இப்படி என்று இல்லை. ரீயூனியனில் ஆப்பிரிக்க வழி வந்தவர்களைக் 'காஃப்' என்பார்கள். அடிமை முறை ஒழிந்த டிசம்பர் 20-க்குக் 'காஃப் திருநாள்' என்றே பெயர். காதலி காதலனைச் செல்லமாகக் 'காஃப்' என்று கூப்பிடுவதுண்டு. இதன் வேர் அரபுச் சொல் 'காஃபிர்', நம்பிக்கை இல்லாதவர் என்று பொருள். அதே வேரில் முளைத்த சொல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆகக் கொடிய வசவு. அதைச் சொல்லித் திட்டிய குற்றத்துக்காக 2018-இல் ஒரு பெண்ணுக்குச் சிறைத்தண்டனையே விதித்தார்கள். இங்கே செல்லப்பெயர், அங்கே ஜெயில்.

குஜராத் முஸ்லிம் வணிகர்களுக்கு இங்கே 'சராப்' என்று பெயர். அராபியர்கள் என்பதைப் பன்மையில் 'லே சராப்' என்று பிரெஞ்சில் சேர்த்துச் சொல்லும்போது கேட்கும் ஒலி அது. கிரெயோல் அந்த 'ச'வைப் பெயரோடே தைத்துவிட்டது. அவர்கள் அராபியர்களே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். காந்தி 1893-இல் டர்பன் போய் இறங்கியபோது அங்கேயும் முஸ்லிம் வணிகர்கள் தங்களை அராபியர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே இடத்தில் தமிழரைப் பற்றியும் ஒரு சேதி இருக்கிறது. முத்துசாமி, ராமசாமி என்று பெயர்கள் 'சாமி'யில் முடிவதால், வெள்ளைக்காரர்கள் இந்தியர்களைப் பொதுவாகச் 'சாமி' என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்களாம். சூடு சொரணை உள்ள சிலர், "சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உன் எஜமான் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்ததாகவும் சொல்கிறார். நம்மவர்களின் குசும்பு எந்தக் கப்பலிலும் தொலைவதில்லை.

பிரான்சிலிருந்து வரும் வெள்ளைக்காரருக்கு இங்கே 'சொரேய்', அதாவது 'காதுகள்'. கிரெயோல் புரியாமல் காதைக் குவித்துக் குவித்துக் கேட்பதால் அந்தப் பெயர் என்பார்கள். வேறு கதைகளும் உண்டு.

'மலபார்' என்ற சொல் பிரான்சுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. அங்கே கொச்சைப் பேச்சில் 'மலபார்' என்றால் வாட்டசாட்டமான பலசாலி. அந்தப் பெயரில் ஒரு பபிள்கம் உண்டு, முன்பெல்லாம் அதன் உறையில் கட்டுமஸ்தான ஆள் ஒருவர் இருப்பார். ரீயூனியனில் கடைகளிலும் அது கிடைக்கும். மல்பார் வீட்டுப் பிள்ளை ஒன்று அதை வாங்கி மென்றுகொண்டு போவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

கடைசியாக, பலர் கேட்கும் ஒரு கேள்வி: இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்நாட்டுக்காரரும் மல்பார்தானா? இல்லை. அவரை இந்தியர் என்பார்கள். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்தவர்களைப் 'பொந்திஷேரியேன்' என்று தனியாகக் குறிப்பார்கள். என்னையும் அப்படித்தான். நான் காரைக்கால் என்று திருத்திப் பார்ப்பேன். எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே, தன் கொள்ளுத்தாத்தாவும் காரைக்காலில்தான் கப்பல் ஏறினார் என்பார். ஆனால் அவர் மல்பார், நான் பொந்திஷேரியேன். என் மகள் இங்கே பிறந்தவள். அவளைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "ஒரு நாள் அது, ஒரு நாள் இது" என்றாள்.